மூன்றுக்கு மேல் எண் இல்லாத அட்டை

11-02-2011 — 9
24-02-2011 — 11
09-03-2011 — 6
21-03-2011 — 10
08-04-2011 — 8
06-05-2011 — 16

இவை ஒரு பெண்ணின் தலைவலிகள். முதலில் இருப்பது தலைவலி வந்த தேதி. அடுத்து இருப்பது அந்தத் தலைவலியின் கூட்டுத்தொகை. மாத்திரை போடும்போது ஒரு எண், அதன் பிறகு அரைமணிக்கு ஒன்றாக இரண்டு மணி நேரத்துக்கு நான்கு எண்கள், ஆக மொத்தம் ஐந்து. வலி இல்லை என்றால் சுழி. லேசான வலிக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு இரண்டு, கடுமைக்கு மூன்று. ஐந்து முறையும் மூன்றே எழுதினாலும் கூட்டுத்தொகை பதினைந்தைத் தாண்ட வழியில்லை. கடைசி வரியில் பதினாறு இருக்கிறது. அந்தத் தலைவலிக்கான அட்டையில் ஐந்தாவது எண் எழுதப்படவே இல்லை. நான்கு எண்களே பதினாறு ஆகிவிட்டன.

அந்த அட்டையைச் சரிபார்த்தவருக்கு அட்டைக்காரர் என்று பெயர். அந்தப் பெயர் அவருக்கு அறுபது வயதில்தான் வந்தது. அதற்கு முன் முப்பத்திரண்டு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவறையில் இருந்தார். எந்த வருடம் யார் எந்தக் கட்டிலில் படுத்திருந்தார் என்று கேட்டால், மின்சாரம் போன நேரத்திலும் தட்டுத் தடுமாறாமல் உள்ளே போய் அந்தக் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு வருவார் என்பார்கள். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த இரண்டாம் மாதம் சமையலறை டப்பாக்களுக்கு எண் ஒட்ட ஆரம்பித்தார். சர்க்கரை பதினான்காம் எண் ஆன அன்று அவர் மனைவி கையெடுத்துக் கும்பிட்டு, எங்கேயாவது போய் எதையாவது எழுதிக்கொண்டிருங்கள், இந்த வீட்டை மட்டும் விட்டுவிடுங்கள் என்றாள்.

பழைய ஆஸ்பத்திரியில் அவரை அறிந்திருந்த ஒரு டாக்டரம்மா அப்போதுதான் தலைவலி மாத்திரைச் சோதனை ஒன்றை நடத்த ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறைகள். முன்னறையில் நீள பெஞ்சும் அட்டைக்காரரின் மேசையும் தொலைபேசியும். பின்னறையில் பூட்டிய இரும்பு அலமாரி, அதற்குள் எண் போட்ட பொட்டலங்கள். சுவரில் ஒரு வெப்பமானி. காலையும் மாலையும் அதைப் பார்த்து எழுத வேண்டும். கடிகாரத்தை வாரம் ஒருமுறை வானொலி நேரத்தோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும் என்பது அவராகச் சேர்த்துக்கொண்ட விதி.

சோதனைக்கு வேண்டியவர்கள் நோயாளிகள் அல்ல. மாதத்தில் இரண்டு நாள் முதல் பத்து நாள் வரை தலைவலி வந்து, ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போகிறவர்கள். அப்படிப்பட்டவர்கள் ஊரில் பாதிப்பேர். ஆளுக்கு ஆறு பொட்டலம், ஆறு அட்டை. சில பொட்டலத்தில் மருந்து, சிலவற்றில் வெறும் மாவு. எதில் எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற அட்டைக்காரருக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தூரத்தில் இருந்த தலைமை அலுவலகத்துக்கு மட்டும் தெரியும். விளம்பரத்தைப் பார்த்து வந்த ஒருவர், தலைவலி வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்று கேட்டார். ஆமாம் என்றார் அட்டைக்காரர். "எங்க வீட்டுக்கு வாங்க சார், உட்கார்ந்த அஞ்சு நிமிஷத்துல எல்லாருக்கும் வரும்" என்று அவர் சொன்னதில் பெஞ்சே குலுங்கியது.

அட்டையின் உச்சியில், எண்களுக்கான ஐந்து கட்டங்களுக்கு மேலே, தனியாக ஒரு கட்டம் இருந்தது. "இது உங்கள் வழக்கமான தலைவலிதானா?" ஆம், இல்லை. இல்லை என்றால் மாத்திரையைப் போடாமல் உடனே தொலைபேசியில் கூப்பிட வேண்டும். ஆம் என்றால் ஒரு சரிக்குறி. அவ்வளவுதான்.

முதல் வருடம் அந்தக் கட்டம்தான் அட்டைக்காரரின் தூக்கத்தைக் கெடுத்தது. ஐந்து எண்களையும் நேரம் தவறாமல் எழுதிவிட்டு, உச்சிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வந்தார்கள். அதை ஒரு கேள்வியாகவே யாரும் நினைக்கவில்லை. "தலைவலின்னா தலைவலிதான். இதுல வழக்கம் என்ன, வழக்கமில்லாதது என்ன?" என்றார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். கட்டம் காலியாக இருந்தால் அட்டை செல்லாது. பிறகு நிரப்பவும் கூடாது. அப்படி இருபத்துமூன்று அட்டைகளைத் தலைமை அலுவலகம் தள்ளியது.

இருபத்துமூன்று அட்டை என்றால் மற்றவர்களுக்குக் காகிதம். அவருக்கு அது இருபத்துமூன்று தலைவலி. ஒருத்தி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஒரு பேருந்து ஓட்டுநர் பணிமனையில் படுத்தபடி கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அட்டைக்காரருக்கு மற்றவர்களுடையதும் தெரிந்தது. அது வீணாய்ப் போவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஒரு மத்தியானம், புதிதாக வந்த ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய ஆறு அட்டைகளையும் எடுத்து, உச்சிக் கட்டத்தில் தாமே மெல்லிய நீல மையில் சரிக்குறி போட்டு வைத்தார். எல்லாரும் ஆம் என்றுதானே போடப் போகிறார்கள். பின்னால் வந்தவர்களுக்கும் அப்படியே செய்தார். அதன் பிறகு ஓர் அட்டைகூடச் செல்லாது என்று திரும்பி வரவில்லை. மாதாந்தரக் கடிதத்தில் இந்த மையத்தின் அட்டைகளைப் போல் சுத்தமானவை வேறெங்கும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். டாக்டரம்மா அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அட்டைக்காரர் அந்தப் பக்கம் அதிகம் பார்க்காமல் வெப்பமானியைப் பார்ப்பார்.

எடைமேடை அக்கா வந்தது மூன்றாம் வருடம் பிப்ரவரி மூன்றாம் தேதி. வயது ஐம்பத்திரண்டு. ஊருக்கு வெளியே பெருஞ்சாலை ஓரத்தில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கிற இடத்தில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டறையில் உட்கார்ந்து எடை எழுதுவது அவள் வேலை. மதியத்துக்கு மேல் வெயில் கண்ணாடியில் பட்டுக் கண்ணில் அடிக்கும். கூடவே டீசல் புகையும் ஹாரன் சத்தமும். மாதத்துக்கு இரண்டு நாளாவது தலை வெடிக்கும் என்றாள். கணவர் இறந்து ஒன்பது வருடம். ஒரே மகள் வெளியூரில் ஒரு வங்கியில் வேலை பார்த்தாள்.

சம்மதப் படிவம் ஒன்பது பக்கம். எல்லாரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போடுவார்கள். இவள் முழுவதையும் விரல் வைத்துப் படித்தாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு நிமிர்ந்து, ஆறாம் பக்கம் இரண்டு இருக்கிறதே, ஏழு எங்கே என்று கேட்டாள். இருநூறு பேர் கையெழுத்துப் போட்ட படிவம் அது. அட்டைக்காரரே கவனித்ததில்லை. அன்று மாலை வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னபோது, அப்பாடா, உங்களுக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்டது, டப்பாக்களை அந்த அம்மாவிடம் அனுப்பிவிடலாம் என்றாள்.

அட்டைகளை எண்ணி வாங்கியவள் உச்சிக் கட்டத்தையும் பார்த்தாள். அந்தச் சரிக்குறி யார் போட்டது என்று கேட்ட முதல் ஆள், கடைசி ஆளும், அவள்தான். அட்டைக்காரருக்குக் காது சூடாயிற்று. எல்லாரும் மறந்துவிடுகிறார்கள் என்பதால் தாமே போட்டு வைப்பதாகச் சொன்னார். அவள் ஒரு நிமிடம் ஆறு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சரி விடுங்கண்ணே. வழக்கமானதுதானே வரப்போகுது" என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தலைவலிக்கும் மறுநாள் பேருந்து ஏறி வந்து அட்டையைக் கொடுப்பாள். தபாலில் அனுப்பினால் போதும் என்றாலும் கேட்கவில்லை. பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்து தன் வேலையைப் பற்றிப் பேசுவாள். லாரிக்காரர்கள் அவளுக்கு அஞ்சு கிலோ அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். கட்டணம் மாறுகிற எல்லைக்கு ஐந்து கிலோ மேலே நின்றாலும் விட்டுத் தரமாட்டாள். ஒருவன், அக்கா நான் வேணா இறங்கிக்கறேன், குறைச்சு எழுதுங்க என்றானாம். "நீ இறங்கினா எழுபது குறையும். நீ ஏத்தினது குறையுமா?" என்று கேட்டாளாம். இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கமாட்டாள். அட்டைக்காரர்தான் சிரிப்பார்.

நான்காம் அட்டையைக் கொடுத்த அன்று, அவளுடைய மேடையின் கொள்ளளவு ஐம்பது டன் என்று சொன்னாள். அதற்கு மேல் ஏற்றி வந்தால் எடை காட்டும் பெட்டியில் எண் வராது, வெறும் கோடுகள் ஓடும். முன்பு அந்த இடத்தில் இருந்தவர் அப்படி வந்தால் ஐம்பது என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவாராம். தான் அப்படி எழுதுவதில்லை என்றாள். கூடுதல் என்று எழுதி வண்டியைத் திருப்பிவிடுவாளாம். "ஐம்பது இல்லாததை எப்படிண்ணே ஐம்பதுன்னு எழுதறது? அப்புறம் மேடை எதுக்கு?" அட்டைக்காரருக்கு இந்தப் பேச்சு மிகவும் பிடித்திருந்தது. வீட்டில் இரண்டு முறை சொன்னார்.

மே மாதம் ஆறாம் தேதி, பிற்பகல் இரண்டு மணி நான்கு நிமிடத்துக்குத் தொலைபேசி மணி அடித்தது. நேரம் அவருடைய அழைப்புப் பதிவேட்டில் இருக்கிறது. பெஞ்சில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். கையில் பேனா இருந்தது.

"அண்ணே, எடைமேடையிலேருந்து பேசறேன். ஒண்ணரைக்கு மாத்திரை போட்டேன். ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"மூணுக்கு மேல எழுதலாமா?"

அவர் இதுவரை யாரும் கேட்காத இந்தக் கேள்வியை ஒரு பதிவாளராக யோசித்தார். விதிப் புத்தகத்தின் பதினெட்டாம் பக்கம் நினைவுக்கு வந்தது.

"மூணோட முடிஞ்சு போச்சும்மா. அதுக்கு மேல எண் கிடையாது. மூணுன்னே எழுதுங்க."

மறுமுனையில் ஒரு லாரியின் உறுமல் கேட்டது. பிறகு அவள் மூச்சு.

"மூணு இல்லையேண்ணே" என்றாள்.

அட்டைக்காரர் சிரித்தார். "உங்க மேடை வேற, எங்க அட்டை வேறம்மா. இங்க கூடுதல்னு எழுத இடம் இல்ல."

அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. சரிண்ணே, வண்டி நிக்குது என்று வைத்துவிட்டாள். அவர் பதிவேட்டில் எழுதினார்: "2.04. எடைமேடை. அளவுகோல் பற்றிய ஐயம். விளக்கப்பட்டது." பிறகு பெஞ்சில் இருந்தவரைக் கூப்பிட்டார்.

மூன்றே கால் மணி அளவில் மணல் லாரி ஒன்று மேடை மீது ஏறி நின்றது. கூண்டறையிலிருந்து கை அசையவில்லை. ஓட்டுநர் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். இறங்கி வந்து திட்ட வாயெடுத்தவர், அவள் எடைப் புத்தகத்தின் மேல் கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்தார். அந்த லாரியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. எட்டாம் தேதி காலை இறந்துபோனாள்.

மாடி அறைக்கு இந்தச் செய்தி பதினான்காம் தேதிதான் வந்தது. கொண்டுவந்தது மகள். இருபத்தாறு இருபத்தேழு வயது. அம்மாவைப் போலவே பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தாள். நடந்ததை வங்கியில் கணக்குச் சொல்வது போல வரிசையாகச் சொல்லி முடித்தாள். பிறகு பையிலிருந்து அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாள். எடைப் புத்தகத்துக்குள் இருந்ததாம்.

"அம்மா எதையும் பாதியில விடமாட்டாங்க. கொடுத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். சரியா எழுதியிருக்காங்களா சார்?"

அட்டைக்காரர் பார்த்தார். ஒன்றரை மணிக்கு மூன்று. இரண்டு மணிக்கு நான்கு. இரண்டரைக்கு நான்கு. மூன்று மணிக்கு ஐந்து. மூன்றரைக் கட்டம் காலி. எல்லா எண்ணும் அவளுடைய அழுத்தமான கறுப்பு மையில் இருந்தன. அவர் மூன்று என்று எழுதச் சொன்ன பிறகு எழுதியவை கடைசி இரண்டும். உச்சிக் கட்டத்தில் மட்டும் நீல மையில் ஒரு சரிக்குறி. இது உங்கள் வழக்கமான தலைவலிதானா? ஆம்.

"சரியா இருக்கும்மா" என்றார். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனாள். முப்பத்தைந்து வருட வேலையில் தெரிந்தே அவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று சொல்ல முடியாது. எண்கள் சரியாகத்தான் இருந்தன. அவருடைய குறிதான் பொய்.

டாக்டரம்மா அன்றே தலைமை அலுவலகத்துக்கு அறிவித்தார். அவர்கள் அந்தப் பொட்டலத்தின் ரகசியத்தை உடைத்துப் பார்த்துப் பதில் அனுப்பினார்கள். உள்ளே இருந்தது மாவு. ஆகவே மருந்துக்கு இதில் பங்கில்லை. எல்லாருக்கும் மூச்சு வந்தது. பத்து நாள் கழித்து வழக்கமான ஒரு திருத்தக் குறிப்பும் வந்தது: இன்ன எண் அட்டையில் நான்கு எண்களில் மூன்று அளவுகோலுக்கு வெளியே உள்ளன, மூன்று எனத் திருத்திச் சுருக்கொப்பமிட்டு அனுப்பவும்.

அட்டைக்காரர் அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு பின்னறையில் இருந்த டாக்டரம்மாவிடம் போனார். திருத்தப் போவதில்லை என்றார். திருத்த வேண்டியது வேறொன்று இருக்கிறது என்று உச்சிக் கட்டத்தைக் காட்டினார். இரண்டு வருடமாகச் செய்ததை முழுவதும் சொன்னார். டாக்டரம்மா முதலில் கோபப்பட்டார். அதன் பிறகு கெஞ்சினார். இது வெளியே போனால் மையமே இருக்காது, அந்த அம்மாவுக்கு வந்தது யாராலும் தடுக்க முடியாத ஒன்று, இதை எழுதி யாருக்கு என்ன லாபம் என்றார்.

"அந்தக் கட்டம் காலியா இருந்திருந்தா, அவங்க ஃபோன் பண்ணினப்போ முதல்ல அதைத்தான் கேட்டிருப்பேன் டாக்டரம்மா. ஃபோன் பண்ணின எல்லார்கிட்டயும் முதல் வருஷம் அப்படித்தான் கேட்டேன்."

"கேட்டிருந்தா பொழச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

"பொழச்சிருக்க மாட்டாங்கன்னு சொல்ல முடியுமா?"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். 

அன்று இரவும் மறுநாளும் அவர் எண்ணினார். தம் நீலக் குறி உள்ள அட்டைகள் அறுநூற்று முப்பத்தெட்டு. பட்டியல் எழுதி, எண் வாரியாக, கடிதத்தோடு தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். இரண்டு பேர் வந்து மூன்று நாள் அலமாரியைக் குடைந்தார்கள். அறுநூற்று முப்பத்தெட்டையும் கணக்கிலிருந்து ஒதுக்கினார்கள். மையத்தை மூடினார்கள். தலைவலி போய்த் திருகுவலி வந்தது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னது மாடி வரை கேட்டது. இருபத்துமூன்று தலைவலி வீணாகிவிட்டதே என்று தொடங்கிய வேலை அது. கடைசி நாள் வெப்பமானியைப் பார்த்து எழுதிவிட்டு, சாவியை டாக்டரம்மாவிடம் கொடுத்தார். அவர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

மகளுக்கு எழுதுவதுதான் கடினமாக இருந்தது. முதலில் பதினொரு பக்கம் வந்தது. பாதி விளக்கம், பாதி விதிகள். படித்துப் பார்த்தால் ஒரு மனிதர் தம்மைக் காப்பாற்றிக்கொள்ள ஓடுவது போலிருந்தது. ஒவ்வொன்றாக அடித்து ஒரு பக்கம் ஆக்கினார். உச்சிக் கட்டத்துக் குறி என்னுடையது. இரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு உங்கள் அம்மா கூப்பிட்டார். மூன்றுக்கு மேல் எழுதலாமா என்று கேட்டார். நான் விதியைச் சொன்னேன். இது உங்கள் வழக்கமான வலிதானா என்று கேட்க வேண்டியது என் வேலை, கேட்கவில்லை. அவர் எழுதிய எண்களை யாரும் திருத்தவில்லை, திருத்தவும் விடவில்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவுத் தபாலில், ஒப்புகைச் சீட்டோடு அனுப்பினார். ஜூலை பத்தொன்பதாம் தேதி ஒப்புகைச் சீட்டு அவளுடைய கையெழுத்தோடு திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

பதில் வேண்டாம் என்று எழுதியவர் தினமும் பதினொரு மணிக்கு வாசலில் நின்றார். தபால்காரர் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிட்டுப் போகப் பழகிக்கொண்டார். வீட்டில் டப்பா எண்கள் எண்ணெய் பட்டு அழிந்தன. அவர் புதிதாக ஒட்டவில்லை. மனைவி தானே ஒருநாள் காகிதமும் பசையும் வாங்கி வந்து மேசை மேல் வைத்தாள். அது அப்படியே இருந்தது.

ஒரு மத்தியானம் மனைவி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாத்திரை டப்பாவை எடுத்து வந்த அட்டைக்காரர், அதைக் கொடுக்காமல் எதிரே குந்தி உட்கார்ந்து, இது வழக்கமான வலிதானா என்று கேட்டார்.

"உங்களோட முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தற வழக்கமான வலிதான். கொடுங்க இப்படி."

அவர் கொடுக்கவில்லை. மறுபடியும் கேட்டார். எப்போது தொடங்கியது, மெல்ல வந்ததா திடீரென்று வந்ததா, பார்வை சரியாக இருக்கிறதா, கழுத்து இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டார். அவள் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். அதன் பிறகு எந்தத் தலைவலிக்கும் அவளே முதலில் சொல்லிவிடுவாள்: "வழக்கமானதுதாங்க." பிறகுதான் கை நீட்டுவாள்.

இரண்டு வருடமும் நான்கு மாதமும் போயின. எடைமேடையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றியபோது பழைய புத்தகங்களைத் தூக்கிப் போட இருந்த முதலாளி, அம்மாவின் கையெழுத்து உள்ள கடைசிப் புத்தகத்தை மகளுக்கு அனுப்பி வைத்திருக்கிறார். அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு எழுத முடிந்திருக்கிறது. நீளமான கடிதம் இல்லை.

"ஐயா, அன்று ஒன்றரை மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் அம்மா நான்கு வண்டிகளுக்கு எடை எழுதியிருக்கிறார். கையெழுத்து கடைசியில்தான் சாய்கிறது. எண் ஒன்றிலும் அடித்தல் இல்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. கேட்டிருக்கலாம். ஆனால் நேரத்தைப் படித்ததும் எழுத முடியாமல் போயிற்று. உங்களை இரண்டு மணி நான்கு நிமிடத்துக்குக் கூப்பிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு அம்மா என்னைக் கூப்பிட்டார். போன் மேசை இழுப்பறையில் அதிர்ந்தது. அம்மா பெயரைப் பார்த்தேன். கவுன்டருக்கு முன்னால் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். இழுப்பறையை மூடினேன். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவர் என்று அம்மா சொல்வார். உங்கள் பதிவேட்டில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்."

அட்டைக்காரர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். மனைவி எதிரே நின்றாள். அவளிடம் நீட்டவில்லை, மடித்து உறையில் வைத்தார். மையத்தை மூடியபோது வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த 2011ஆம் வருட அழைப்புப் பதிவேட்டை அலமாரியிலிருந்து எடுத்து, மே ஆறாம் தேதிப் பக்கத்தைத் திறந்தார். 2.04க்கு மேலே ஒரு வரி எழுத இடம் இருந்தது. பேனா மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதாமல் மூடினார்.

வீட்டுக்கு வரும் தபாலுக்கு அவர் வைத்திருந்த பதிவேட்டில் மூன்று பத்திகள் உண்டு: வந்த தேதி, அனுப்பியவர், பொருள். அனுப்பியவர் என்ற இடத்தில் மகள் என்று எழுதினார். பொருள் என்ற கட்டத்தைக் காலியாக விட்டார். இத்தனை வருடத்தில் அவர் காலியாக விட்ட கட்டம் அது ஒன்றுதான். கடைசியாகத் தேதியை எழுதி, மை உலரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

19-11-2013.